கறுப்பு மண்ணில் விதைத்த மொட்டைக்கறுப்பன்

பிள்ளையள், போன கிழமை சின்னவன் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். எங்கள் ஊர்ச் சாப்பாடு எப்படி விளைகிறது என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். உழுகிறோம், விதைக்கிறோம், தண்ணீர் கட்டுகிறோம், கதிர் முற்றினதும் அருவி வெட்டுகிறோம், நெல் உதிரச் சூடு அடிக்கிறோம். ஐந்து வரி. ரீச்சர் சரி போட்டு ஒரு நட்சத்திரமும் கீறிவிட்டிருந்தா.

அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஐந்து வரிக்குள் வராத ஒரு வருசம் எங்களுக்கு இருந்தது. அதை வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் எழும்பிப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்தட்டும். விசயத்தைத் திருத்தவேண்டாம்.

இரசாயன உரத்தை அரசாங்கம் நிறுத்திய வருசம் அது. இனி நாட்டுக்குள் மூட்டை உரம் வராது, எல்லாரும் இயற்கை உரத்தில்தான் செய்யவேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். கடையில் கேட்டால் உர மூட்டை அடுக்குகிற றாக்கை வெறுமையாகக் கிடந்ததைக் காட்டினார்கள். எங்களுக்கு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, சின்னக் குளத்துக்குக் கீழே உள்ள அந்த ஒரு வயல்தான். கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கு எங்கள் பங்குக்குத் தண்ணீர் வராது. மாசியில் வெட்டுகிற நெல்லை அவித்து, குத்தி, அடுத்த மாசி வரைக்கும் நாலு பேரும் சாப்பிடவேண்டும். அதற்குள் முடிந்தால் முடிந்ததுதான். கடையில் அரிசி இருந்தது. ஆனால் அந்த வருசம் அதன் விலையைக் கேட்டுவிட்டு உங்கள் அம்மா வெறும் பையோடு திரும்பி வருவா.

நாங்கள் வழக்கமாக விதைக்கிற, குட்டையாக வளருகிற கட்டை நெல் மூட்டை உரத்தைத் தின்று வளருவது. உரம் இல்லாமல் அது என்ன செய்யும்? நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்கள் பெரியப்பாவிடம் போய் மொட்டைக்கறுப்பன் விதை வாங்கிவந்தேன். அது பழைய நெல். உயரமாக வளரும், சிவத்த அரிசி, மூட்டை உரம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இதைவிடப் புத்தியான வேலை அந்த வருசம் ஒருவரும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன்.

அடுத்தது எரு. உங்கள் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே காணி கிடைத்து வந்தவர். அங்கே அவருடைய தோட்டத்தில் மண் நாலு விரல்தான், அதற்குக் கீழே கல்லு. அந்த மண்ணுக்கு வருசம் முழுக்க எருவும் இலைகுழையும் ஓலைக் கடகத்தில் சுமந்து கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும், கொட்டியது போதும் என்று ஒரு நாளும் வராது. எரு போடுவதில் கஞ்சத்தனம் செய்கிறவனை அவர் மனிசனாகவே கணக்கெடுக்கமாட்டார். அந்தக் கை எனக்கும் வந்துவிட்டது.

ஆவணி மாதம் பட்டிக்காரரிடம் போனேன். ஐம்பது அறுபது மாடு வைத்திருந்தார். பின்னேரம் மாட்டைக் கொண்டுவந்து வெறும் வயலில் கம்பு நட்டுக் கயிறு கட்டி அடைத்துவிட்டால், அவை அங்கேயே படுத்துச் சாணம் போட்டு மூத்திரம் பெய்து காலையில் எழும்பிப் போகும். அடுத்த நாள் கம்பைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி நடவேண்டும். இப்படியே வயல் முழுவதும் சுற்றி வரும். கூலிக்குப் பதில் அறுவடை முடிய வைக்கோல் தருவது என்று பேச்சு.

சின்னவனுக்கு அப்போது ஆறு வயசு. வரம்பில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அப்பா, மாடு கக்கா இருக்கிற இடத்திலயோ எங்கட சோறு முளைக்கப் போகுது?"

"ஓம்."

"அப்ப எனக்கு வேண்டாம். நான் கடைப் பாண் சாப்பிடுறன்."

பெரியவள் சொன்னாள், "டேய், பாணும் எங்கயோ ஒரு மாட்டுக்குப் பின்னாலதான் முளைச்சது, போடா." எல்லாரும் சிரித்தோம். அந்த வருசத்தில் வயலில் நின்று சிரித்தது அதுதான் கடைசி.

எல்லாரும் ஒரு இடத்தில் ஒரு இரவு, மிஞ்சினால் இரண்டு இரவு பட்டி அடைப்பார்கள். நான் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து இரவு அடைத்தேன். பட்டிக்காரர் பின்னேரம் வந்து கம்பைப் பிடுங்கப் போனால், "இருக்கட்டும் அண்ணை, இண்டைக்கும் இஞ்சயே கிடக்கட்டும்" என்பேன். அது போதாதென்று வேலியில் நின்ற கிளிசரியா, பூவரசு, காட்டுக் குழை எல்லாம் வெட்டி மண்ணுக்குள் மிதித்துத் தாட்டேன்.

பக்கத்து வயல்காரி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தா. இப்போது நீங்கள் மாமி, மாமி என்று போய்ப் பலாக்காய் வாங்கிவருகிறீர்களே, அவாதான். அவாவின் தாய் தகப்பன் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள், கலவரத்துக்குப் பயந்து இங்கே வந்தவர்கள். அவா இங்கேயே பிறந்தவ. புருசன் இல்லை. தனியாகத்தான் வயல் செய்கிறா. அவாவுடைய வீட்டுக்குப் போனால் நான் அந்த நாளில் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஒரு நாள் அவா வரம்பில் நின்று கூப்பிட்டா.

"அண்ணே, பட்டிய நகர்த்தலையா? அஞ்சு நாளா அதே எடத்துல கெடக்கு."

"கிடக்கட்டும்."

"இது கறுப்பு மண்ணுண்ணே. குளத்து வண்டல் வேற. ஒரு ராத்திரி மாடு படுத்தாலே இந்த மண்ணுக்குப் போதும். நீங்க கொண்டாந்திருக்கிறது உசரமா வளர்ற நெல்லுன்னு வேற சொன்னாங்க..."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். "உங்கட ஆக்களுக்குத் தேயிலையைப் பற்றித்தான் தெரியும். நெல்லை எங்களிட்ட விடு."

அவா கோபிக்கவில்லை. "நான் தேயிலச் செடிய கண்ணால பாத்ததே இல்லண்ணே" என்றா. "நீங்க பாத்திருந்தா சொல்லுங்க, எப்பிடி இருக்கும்னு." சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டா.

நானும் பார்த்ததில்லை.

விதைத்தோம். மழை நேரத்துக்கு வந்தது. மார்கழியில் வயல்வெளி முழுக்க மஞ்சள். உரம் இல்லாமல் கட்டை நெல் விதைத்தவர்களுடைய பயிர் காய்ச்சல்காரர் மாதிரி வெளிறிப்போய் நின்றது. அதற்கு நடுவில் எங்கள் வயல் மட்டும் கரும்பச்சையாகக் கறுத்து, பெரியவளின் தோளுக்கு வளர்ந்து நின்றது. ரோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். "என்னப்பா, களவாய் உரம் வச்சிருக்கிறியோ?" என்று ஒருவர் கேட்டார். நான் சிரித்தேன். ஓம் என்று நினைத்தாலும் எனக்குச் சந்தோசம்தான்.

அம்மா மட்டும் பயிருக்குள் கையை விட்டு ஒரு தண்டை நசுக்கிப் பார்த்தா. "இஞ்சாருங்கோ, இது என்ன கீரைத்தண்டு மாதிரிக் கிடக்கு? நெல்லுத் தண்டு இப்பிடி மெத்தெண்டு இருக்குமோ?"

"செழிப்பப்பா" என்றேன்.

பொங்கல் முடிந்து ஒரு கிழமை. கதிர் எல்லாம் வெளியில் வந்து பால் இறுகி, முற்றி, தலை கனத்துத் தொங்கியது. பருவம் தப்பி ஒரு மழை வந்தது. பெரிய புயல் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் காற்றோடு பெய்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் விடிய நான் வயலுக்குப் போனேன். வரம்பில் ஏறினதும் குளம் வரைக்கும் தெரிந்தது. பயிர் மறைத்துக்கொண்டு நின்ற இடம் எல்லாம் வெளித்துக் கிடந்தது. முழு வயலும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது, பாய் விரித்த மாதிரி. கதிர் தண்ணீருக்குள். பக்கத்து வயல்களில் அந்த மஞ்சள் கட்டைப் பயிர் மழை குடித்துவிட்டுச் சும்மா நின்றது.

பிள்ளையள், இதுதான் அந்த ஐந்து வரிக்குள் வராதது. உரம் கேட்காத நெல் என்று தேடிப்போய் வாங்கிவந்த நெல்லுக்கு, உரம் கேட்காத மண்ணில், நான் எருவை அள்ளி அள்ளிக் கொடுத்தேன். நாலு விரல் மண்ணுக்குப் பழகின கை, முழங்கால் ஆழத்து வண்டலில் அதே வேலையைச் செய்தது. தின்னக் கொடுத்துக் கொடுத்துத் தண்டைக் கொழுக்க வைத்தேன், உறுதியாக வைக்கவில்லை. மண் எதைக் கேட்கிறது, விதை எதைக் கேட்கிறது என்று இரண்டையும் கேட்காமல் செய்தால், மாட்டுச் சாணமும் மூட்டை உரம் செய்கிற கேட்டைத்தான் செய்யும். இதை எனக்கு முதலே ஒருத்தி சொன்னா. நான் கேட்கவில்லை.

தண்ணீருக்குள் கிடக்கிற முற்றின நெல்லுக்கு ஒரு கிழமை கொடுத்தால் போதும், கதிரிலேயே முளைத்துவிடும். தண்ணீரை வடிக்கவேண்டும். எங்கள் வயல் தண்ணீர் கழிவு வாய்க்காலுக்குப் போகவேண்டும் என்றால் பக்கத்து வயல்காரியின் வயலுக்குள்ளால்தான் போகவேண்டும். அவாவுடைய நெல் பழுத்து, மழைத் தண்ணீரை வடித்து வரம்பைத் திரும்பக் கட்டின பிறகு, இரண்டொரு நாளில் வெட்டுக்கு இருந்தது.

கேட்டிருக்கவேண்டும். தேயிலைக் கதை சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? கேட்டு அவா மாட்டேன் என்றால் பிறகு வெட்டவும் ஏலாது. இதை எல்லாம் நான் யோசித்தேனா, இல்லை பிறகு யோசித்ததை இப்போது எழுதுகிறேனா என்று தெரியவில்லை. மண்வெட்டியை எடுத்து நடு வரம்பை வெட்டினேன். தண்ணீர் அவாவுடைய வயலுக்குள் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவாவுடைய பயிரின் அடி நனைந்தது, பிறகு அந்தத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறியது.

அவா வந்தபோது மண்வெட்டி என் கையில்தான் இருந்தது.

"அண்ணே..." என்றா. முதலில் வெட்டின வாயைப் பார்த்தா, பிறகு எங்கள் வயலைப் பார்த்தா. "நாளைக்கு வெட்டுக்கு ஆளு சொல்லியிருந்தேன்" என்றா.

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"கேட்டிருந்தா நானே வெட்டி விட்டிருப்பேன்ல? மொதல்ல அந்தப் பக்கத்த வெட்டிட்டுத்தானே இந்தப் பக்கத்த வெட்டணும்? எம் வயல்ல தண்ணி போக வழி இல்லாம ரெண்டு பேரும் சேந்து முழுகவா?"

சொன்னபடி அவா ஓடிப்போய்த் தன் வயலின் அந்தப் பக்கத்து வரம்பை வெட்டத் தொடங்கினா. நானும் போனேன். "நீங்க தள்ளுங்க, உங்க கை எல்லாத்தையும் அளவுக்கு மேலதான் செய்யும்" என்றா. அதில் சிரிப்பு இல்லை. வெட்டின வாயால் தண்ணீர் கழிவு வாய்க்காலுக்குப் பாயத் தொடங்கியதும் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டா. அடுத்த நாள் அவாவுடைய ஆட்கள் சேற்றுக்குள் நின்று வெட்டினார்கள். கட்டி வைத்த நெல்லின் அடிப்பகுதி நனைந்தது. எவ்வளவு பழுதாகியது என்று அவா எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எங்கள் வயலுக்கு வெட்டு மெசின் வராது. விழுந்த பயிரை அது அள்ளாது. வந்தாலும் அதற்கு டீசல் இல்லை. அம்மாவும் நானும் பெரியவளும் சேற்றுக்குள் குனிந்து, நாலு ஐந்து பிடியைச் சேர்த்து நிமிர்த்தி, அதன் தாளாலேயே கட்டிக் கட்டி நிறுத்தினோம். பெரியவள் ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு மூலையைக் கட்டி முடித்துவிட்டுத் திரும்பினால் முன்பு கட்டியது திரும்பப் படுத்திருக்கும். நாலாம் நாள் ஒரு கதிரை எடுத்து உருவினேன். நெல்லுக்கு மூக்கு முளைத்த மாதிரி வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை என் கையில் இருந்து வாங்கி மடிக்குள் போட்டா. "முளைச்சதையும் சாப்பிடலாம்தானே" என்றா. அழுகிறாவோ என்று பார்த்தேன். அழவில்லை. முகம் முழுக்கச் சேறு.

அரிவாளால் வெட்டினோம். மேட்டுப் பக்கத்தில் நின்றது கொஞ்சம் நல்ல நெல். பள்ளத்தில் கிடந்தது கறுத்துப்போனது. நல்லதைத் தனியாக அடித்துக் காயவைத்து ஒரு மூட்டை விதைக்கு என்று கட்டி, எலி ஏறாமல் கூரை வளையில் தொங்கவிட்டேன். மிச்சத்தை அவித்தோம். முளைத்த நெல்லை அவித்தால் புளித்த மணம் ஒன்று வரும். அரிசி மில்லில் இடிந்து குறுணலாகப் போனது. பட்டிக்காரர் வைக்கோலுக்கு வந்தார். அழுகின வைக்கோலைப் பார்த்தார். "மாடு மோந்தும் பாக்காது தம்பி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அந்தக் கடனை அடுத்த வருசம்தான் தீர்த்தேன்.

பங்குனியில் சோறு இரண்டு நேரம். வைகாசியில் ஒரு நேரம், மற்ற நேரம் மரவள்ளி. அம்மா தான் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லத் தொடங்கினா. நானும் அதையே சொல்லத் தொடங்கினேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு குசினிக்குள் இருந்தோம். கூலிவேலை தேடிப் பளை வரைக்கும் போனேன். அங்கேயும் என்னைப் போல வேலை தேடி வந்தவர்கள்தான் நின்றார்கள்.

ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம். அரிசிப் பானைக்குள் கையை விட்டால் அடி தட்டியது. நான் வெளியில் போய்விட்டு வந்தபோது முற்றத்தில் நெல் அவிக்கிற பெரிய கிடாரம் அடுப்பில் ஏறி இருந்தது. வளையைப் பார்த்தேன். மூட்டை இல்லை.

"என்ன வேலை பாத்தனீ?" என்று கத்தினேன். "அது விதை!"

"தெரியும்" என்றா அம்மா.

"அதையும் திண்டால் ஐப்பசியில என்னத்தை விதைக்கிறது?"

"ஐப்பசிக்கு நாலு பேரும் இருக்கவேண்டாமோ?" அகப்பையால் நெல்லைக் கிண்டிக்கொண்டே சொன்னா. "சின்னவன் நேற்றுப் பள்ளிக்கூடத்தில தலை சுத்தி விழுந்தவன். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு பெரியவள் சொன்னவள். இப்ப நான் சொல்லிப்போட்டன். மூட்டையைத் திரும்பக் கட்டச் சொல்லுறீங்களோ? சொல்லுங்கோ, கட்டுறன்."

நான் இருந்துவிட்டேன். விறகு எரிந்து முடிந்துகொண்டிருந்தது. எழும்பிப்போய் விறகு எடுத்து அடுப்புக்குள் தள்ளினேன். அதுதான் நான் சொன்ன பதில்.

அவிந்த நெல் முளைக்காது. அது உங்களுக்கும் தெரியும்.

அடுத்த நாள் சமைத்தோம். நல்ல சிவத்த அரிசி. முளைக்காத நெல்லின் சோறு எவ்வளவு நல்ல மணம் என்று அந்த வருசம் அன்றைக்குத்தான் தெரிந்தது. முருங்கையிலைச் சொதியும் சம்பலும். சின்னவன் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டான். அம்மா போட்டா. பெரியவள் கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவ எடுக்காமல் இருந்தாள். அவளுக்கும் போட்டா. நான் கணக்குப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒவ்வொரு அகப்பைக்கும் வயலில் எவ்வளவு இடம் என்று மனதுக்குள் ஓடியது.

ஆவணி பிறந்ததும் அவாவுடைய வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போனேன். அவா முற்றத்தில் மடியில் சுளகை வைத்துப் பயறு உடைத்துக்கொண்டிருந்தா. நான் இருக்க ஒரு மரக்கதிரை எடுத்துப் போட்டா. தேத்தண்ணி வந்தது. குடித்தேன். நல்ல சாயம்.

"தங்கச்சி, எனக்கு விதை வேணும்" என்றேன். "அறுவடையில திருப்பித் தாறன்."

"உங்க விதை மூட்டை வளையில தொங்குச்சே?"

"அவிச்சுப்போட்டம்."

அவா சுளகைக் கீழே வைத்தா. "புள்ளைங்களுக்கா?"

"ஓம்."

"அந்த வரம்ப வெட்டினீங்களே, அதுக்கு நான் உங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன். அது வேற." எழும்பி உள்ளே போய் அறையைத் திறந்து காட்டினா. கட்டை நெல், வாய் கட்டி இரண்டு மூட்டை. "ஒண்ணு உங்களுக்கு. எடுத்துட்டுப் போங்க."

நான் குனிந்து மூட்டையில் கையை வைத்தேன். அவா கேட்டா, "இதையும் வேக வச்சிற மாட்டீங்களே?"

விதைப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வீட்டுப் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவையும் தெரியும், என்னையும் தெரியும். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அப்பிடிச் சொல்ல ஏலாது தங்கச்சி" என்றேன்.

அவா என் கையை மூட்டையில் இருந்து மெல்ல எடுத்துவிட்டா. "அப்ப இங்கேயே இருக்கட்டும்" என்றா. "வெதைக்கிற அன்னிக்கி வந்து தூக்கிக்கங்க."

அறைக் கதவைச் சாத்திப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டா. முற்றத்துப் பயறில் இருந்து ஒரு சுளகு அள்ளிப் பையில் போட்டு, "இத வேக வைங்க" என்று கையில் தந்தா. நான் அதை வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன்.